காற்றா, காயிலா: டிரெய்லர் இழுக்கும் பழைய டிஸ்கவரிக்கு எது சரி?

போன ஆடியில் களக்காட்டுக்குப் பக்கத்து ஊரில் சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா. மச்சானுக்குப் பந்தல், லைட், சவுண்டு தொழில். ஜெனரேட்டர் டிரெய்லரை என் வண்டியில்தான் இழுத்துக்கொண்டு போவோம். ஆறு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். நாங்குநேரியில் நாலு வழிச்சாலையை விட்டுக் களக்காட்டுச் சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அடுத்த ஐந்து நிமிடத்தில் அதுவே சிவப்பாகி, ‘சஸ்பென்ஷன் கோளாறு, அதிகபட்ச வேகம் 50’ என்றது. இறங்கிப் பார்த்தால் வண்டி முன்பக்கம் சாமி கும்பிடுவது போலக் குனிந்து நிற்கிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல்தான் நுழைந்தது. பக்கத்துத் தோட்டத்து டிராக்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஜெனரேட்டரை மட்டும் அனுப்பிவைத்தோம். வில்லுப்பாட்டுக்காரர்கள் ஒன்றரை மணிநேரம் இருட்டில் காத்திருந்தார்கள். அந்த ஊர்ப் பெரியவர்கள் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

வண்டி 2012 மாடல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, 3 லிட்டர் டீசல். டிரெய்லர் ஜெனரேட்டரோடு எடைமேடையில் 1,380 கிலோ. பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் இந்த வண்டி 3,500 கிலோ வரை இழுக்கும், பிரேக் இல்லாவிட்டால் 750 கிலோதான். அதனால் வண்டி வேகம் குறைந்து டிரெய்லர் முன்னால் முட்டும்போது தானே பிடிக்கும் பிரேக்கை டிரெய்லருக்கு முதலிலேயே போட்டுவிட்டோம். இழுக்கும் சக்தியில் குறை ஒன்றும் கிடையாது. குறையெல்லாம் வண்டியைத் தூக்கி நிறுத்தும் காற்றில். இதில் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பலூன்கள்தான் வண்டியைத் தாங்குகின்றன, அதுதான் ஏர் சஸ்பென்ஷன்.

கொடை முடிந்த மறுநாள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். காற்றடைக்கும் கம்ப்ரசரை மாற்று என்றார் ஒருவர். காற்றையே கழற்றி எறிந்துவிட்டுக் காயில் ஸ்பிரிங் போடு என்றார் இன்னொருவர். வந்த விலைக்குத் தள்ளிவிட்டு இசுசு வி-கிராஸ் பிக்கப் பழையது ஒன்று வாங்கு என்றார் மச்சான். நான்காவது வழியை வண்ணார்பேட்டையில் ஆம்னி பஸ் வேலை பார்க்கும் மூத்த மெக்கானிக் அண்ணாச்சி ஒரு கேள்வியாகக் கேட்டார்: “கம்ப்ரசர மாத்துனிய, சரி. காத்து எங்க போவுதுன்னு பாத்தியளா?”

பார்க்கவில்லை. அதற்கு ஐந்து மாதம் முன்புதான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரசரை மாற்றியிருந்தேன். ‘கம்ப்ரசர் போச்சு’ என்றார்கள், விலை குறைந்த ஒன்றைப் போட்டார்கள், பணத்தைக் கட்டினேன். அது ஏன் போனது என்று அவர்களும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கோ சன்னமாகக் காற்று கசிந்திருக்கிறது. கசிந்ததை நிரப்ப கம்ப்ரசர் அடிக்கடி ஓடியிருக்கிறது. ஓடி ஓடிச் சூடேறி, பிஸ்டன் வளையம் தேய்ந்து, பழையது போன அதே வழியில் புதியதும் போயிருக்கிறது. இன்று இதே நிலையில் யாராவது என்னிடம் வந்தால் காற்றா காயிலா என்று பேசும் முன் ஒரு ராத்திரி செலவழித்துக் கசிவைக் கண்டுபிடி என்றுதான் சொல்வேன். அது தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் பணம் குருட்டாம்போக்கில்தான் போகும்.

ஆம்னி பஸ்ஸின் ஏர் சஸ்பென்ஷனுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பஸ்ஸில் பிரேக்குக்காக இன்ஜினோடு ஓடும் பெரிய கம்ப்ரசர் எப்போதும் காற்றைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பலூனில் சின்னக் கசிவு இருந்தாலும் ஓட்டத்தில் தெரியாது. டிஸ்கவரியில் இருப்பது மின்சாரத்தில் ஓடும் கையடக்கக் கம்ப்ரசர். தொடர்ந்து ஓட அது செய்யப்பட்டதல்ல. சூடு எல்லை மீறினால் கம்ப்யூட்டர் அதை நிறுத்திவிடும். அது அடைக்கும் காற்று ஈரம் உறிஞ்சும் டிரையர் வழியாக ஒரு டாங்கியில் சேர்ந்து, மூன்று வால்வு பிளாக்குகள் வழியே நான்கு ஸ்ட்ரட்டுகளுக்குப் பிரிகிறது. பலூனும் ஷாக் அப்சார்பரும் ஒரே உடம்பாக இருப்பதுதான் ஸ்ட்ரட். ஒவ்வொரு மூலையிலும் உயரம் பார்க்கும் சென்சார் ஒன்று. பஸ் மெக்கானிக்குக் காற்றின் போக்கு அத்துப்படி என்பதால் கசிவைத் தேட அவரைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். கம்ப்யூட்டர் பக்கத்துக்கு மட்டும் வேறு ஆள் வேண்டும்.

காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிடுங்கள். பேட்டரி பலவீனமானால் இந்த வண்டி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பத்து எச்சரிக்கைகளைக் காட்டும், அதில் சஸ்பென்ஷனும் ஒன்றாக இருக்கும். பிரேக் லைட் ஸ்விட்ச் கெட்டாலும் இதே கூத்துதான். டிரெய்லர் இழுப்பவர்கள் பின்னால் உள்ள பிளக்கையும் திறந்து பார்க்க வேண்டும், தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும். என் வண்டியிலேயே இப்படி ஒன்று நடந்தது. 2023 டிசம்பர் 17, 18 மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. என் வண்டி ஒரு ராத்திரி முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்றது. 70 சென்டிமீட்டர் தண்ணீரைக் கடந்து போகலாம் என்று கம்பெனி சொல்வது உண்மைதான். கடப்பது வேறு, ஊறுவது வேறு. சில மாதம் கழித்துப் பின் இடது சென்சாரின் கனெக்டரில் பின்கள் அரித்துப்போய், குண்டும் குழியுமான இடத்தில் மட்டும் சிவப்பு விளக்கு வந்து போனது. சுத்தம் செய்து புது கனெக்டர் போட்டதும் நின்றது. அதற்கும் காற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

இனி ராத்திரிச் சோதனை. சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரின் ஃபியூஸைக் கட்டாயம் பிடுங்கிவிட வேண்டும். வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் இந்தக் கம்ப்யூட்டர் சில மணிநேரத்துக்கு ஒருமுறை விழித்துப் பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால், வண்டி சாய்ந்து நிற்கக் கூடாது என்று மற்ற மூன்றையும் அதே அளவுக்கு இறக்கிவிடும். காலையில் நாலும் ஒன்றாக இறங்கியிருப்பதைப் பார்த்து, ‘எல்லாமே போச்சு, நாலு ஸ்ட்ரட்டும் மாத்தணும்’ என்று சொல்லிவிடுவார்கள். ஃபியூஸ் இல்லாவிட்டால் கசியும் மூலை மட்டும்தான் இறங்கும். மறுநாள் காலை என் வண்டியில் முன் வலது 38 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. முன் இடது 6. பின்னால் இரண்டும் அசையவே இல்லை.

ஃபியூஸைத் திரும்பப் போட்டு இன்ஜினை ஓட்டி, வண்டியை ஆஃப்-ரோடு உயரத்துக்கு ஏற்றச் சொன்னார் அண்ணாச்சி. கம்ப்ரசர் திணறித் திணறித்தான் ஏற்றியது. சாதாரண உயரத்தைவிட 55 மில்லிமீட்டர் கூடும்போது பலூனின் மடிப்பு விரியும், மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வெடிப்பு அப்போதுதான் தெரியும். ஏறியதும் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விட்டார். காற்றில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் தலையை விடக் கூடாது. ஒரு வால்வு திறந்தால் மூச்சு விடும் நேரத்தில் இறங்கிவிடும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் குழாய் இணைப்புகளில் தடவினார். ஒன்றும் இல்லை. வால்வு பிளாக்கிலும் ஒன்றும் இல்லை. வலது ஸ்ட்ரட்டின் ரப்பர் கீழ் மடிப்பில் தடவியபோது முதலில் சும்மாதான் இருந்தது. அரை நிமிடம் கழித்துக் கலயத்து ஓரத்தில் பதநீர் நுரைக்குமே, அப்படிக் கடுகளவு கடுகளவாக ஒரே வரிசையில் நுரை கிளம்பியது. காதுக்குச் சத்தமே இல்லை. “இதுதான் ஒங்க கம்ப்ரசரத் தின்னது” என்றார்.

நுரை இணைப்பில் வந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். நைலான் குழாயின் நுனியைக் கோணாமல் நேராக வெட்டி, புது இணைப்பானில் சொருகினால் தீர்ந்தது. வெட்டும்போது சாய்ந்தால் அங்கேயே மறுபடி கசியும்.

சாதாரண ஸ்கேனர் இந்த வண்டியின் சஸ்பென்ஷன் கம்ப்யூட்டரைப் படிக்காது, இன்ஜின் கோளாறை மட்டும் காட்டும். லேண்ட் ரோவருக்கென்றே உள்ள கருவி வைத்திருப்பவரைத் தேடிப் போங்கள். அடிக்கடி வரும் கோளாறுக் குறியீடுகள் இரண்டு. சி1ஏ20 என்றால் டாங்கி நிரம்பும்போது அழுத்தம் மெதுவாக ஏறுகிறது என்று பொருள். கம்ப்ரசர் பலவீனமாக இருக்கலாம், கசிவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதைப் பார்த்ததும் ‘கம்ப்ரசர்’ என்று தீர்ப்பு எழுதுவதுதான் எனக்கு நடந்தது. சி1ஏ13 என்றால் காற்றை வெளியேற்றும்போது அழுத்தம் இறங்கவில்லை. டிரையருக்குள் இருக்கும் உருண்டைகள் பொடிந்து வெளியேறும் வழியை அடைத்திருக்கலாம். அந்தப் பொடி வால்வு பிளாக் வரை போகும். நம் பக்கம் திசையன்விளை, உவரிச் செம்மணல் தேரி வழியாக அலைகிற வண்டி என்றால் கம்ப்ரசர் காற்றை இழுக்கும் ஃபில்டரையும் பாருங்கள். என் வண்டியின் ஃபில்டரைத் தட்டியபோது செம்மண் அப்படியே உதிர்ந்தது.

நோய் தெரிந்த பிறகு வழிகளை ஒப்பிடலாம். கம்ப்ரசரை மட்டும் மாற்றுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான்கு மூலையும் இறுக்கமாக நின்று, டாங்கி மட்டும் மெதுவாக நிரம்பினால் அது சரியான வைத்தியம். அப்போதும் கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்சான ரிலேயைச் சேர்த்து மாற்றிவிடுங்கள். பழைய ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக் கருகும். பிஸ்டன் வளையமும் டிரையரும் மட்டும் மாற்றும் கிட் உண்டு. சிலிண்டர் சுவரில் கீறல் இல்லையென்றால் அது போதும். கீறல் இருந்தால் அந்தக் காசும் தண்டம்.

காயிலுக்கு மாறுவதைப் பலர் ஒரு வார்த்தையில் ஒதுக்குகிறார்கள், பலர் ஒரு வார்த்தையில் ஏற்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. நான் விசாரித்தபோது நான்கு சக்கரத்துக்கும் சேர்ந்த காயில் கிட்டின் விலை நல்ல ஏர் ஸ்ட்ரட் இரண்டின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. கம்ப்ரசர், வால்வு, சென்சார் என்று எந்தக் கவலையும் இனி இல்லை. விளக்கு எரியாமல் இருக்க ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பெட்டியைக் கிட்டோடு தருகிறார்கள். நடுக்காட்டில் நின்றுபோவோமோ என்ற பயமும் போய்விடும். டிரெய்லர் இல்லாமல் குடும்பத்தோடு ஓடும் வண்டி, உதிரிபாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது என்ற நிலை. அப்படிப்பட்டவர்களுக்கு நானே காயிலைச் சொல்வேன்.

டிரெய்லர் இழுத்தால் கணக்கு மாறுகிறது. எங்கள் டிரெய்லரின் மூக்கு எடையை, அதாவது வண்டியின் கொக்கிப் பந்தின்மேல் அது அழுத்தும் எடையை, ஒரு மரக்கட்டையும் வீட்டு எடை மெஷினும் வைத்து அளந்தோம். 170 கிலோ. பந்து பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் இருப்பதால் கடப்பாறையால் நெம்புவது போல அது வேலை செய்கிறது. பின் அச்சில் 230 கிலோவுக்கு மேல் ஏறும், முன் அச்சிலிருந்து 60 கிலோவுக்கு மேல் குறையும். காயில் போட்ட வண்டியில் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரத்தின் பிடி தளரும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அமுங்காமலிருக்கக் கெட்டியான காயில் போட்டால் டிரெய்லர் இல்லாத நாளில் ஒவ்வொரு வேகத்தடையும் முதுகில் விழும். சேரன்மாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போய் வருகிறவர்களுக்கு எத்தனை வேகத்தடை என்று நான் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. ஏர் சஸ்பென்ஷன் இந்த இரண்டுக்கும் நடுவில் தானாகவே பொருந்திக்கொள்கிறது. சுமை ஏறினால் காற்றை ஏற்றிச் சமமாக நிற்கும், இறங்கினால் விட்டுவிடும். கொக்கியை மாட்டும்போது வண்டியை 50 மில்லிமீட்டர் இறக்கிப் பந்தை டிரெய்லருக்கு அடியில் கொண்டுபோய், மறுபடி ஏற்றினால் தானே பொருந்தும். தினம் இரண்டு முறை மாட்டிக் கழற்றுகிறவனுக்கு அது பெரிய உதவி.

ஆடிக் காற்றில் காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாடிகள் நடுவே டிரெய்லரோடு போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். பக்கவாட்டில் அடிக்கும் காற்று டிரெய்லரின் வாலைப் பிடித்து ஆட்டும். வண்டி சமமாக நின்றால் அந்த ஆட்டம் ஸ்டீயரிங்கில் ஒரு தள்ளலாக வந்து அடங்கிவிடும். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் லேசாகிவிட்டால் அடங்காது.

காற்றுக்கும் ஒரு தீமை உண்டு. வண்டி எப்போதும் சமமாகவே நிற்பதால் மூக்கு எடை கூடுதல் என்பதே கண்ணுக்குத் தெரியாது. வில்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) வண்டி என்றால் பின்பக்கம் தொங்கி முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கும். டிரெய்லர் எடையில் 5 முதல் 7 சதவீதம் வரை மூக்கில் இருப்பது நல்லது, எங்கள் கணக்கில் 70 முதல் 97 கிலோ. ஜெனரேட்டரை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிப் போல்ட் போட்டதும் 90க்குள் வந்தது. இத்தனை நாளும் பின் ஸ்ட்ரட் இரண்டும் சத்தமில்லாமல் அதைச் சுமந்திருக்கின்றன. காற்றோ காயிலோ, டிரெய்லர் இழுப்பவர்கள் இதை அளக்காமல் விடாதீர்கள்.

சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. என் ஆர்.சி. 15 ஆண்டு முடிந்து 2027இல் புதுப்பிக்கப் போக வேண்டும். அன்று சஸ்பென்ஷன் மாறியிருக்கிறதே என்று கேள்வி வந்தால் என்ன பதில் சொல்வது? விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் கேட்டால்? காயில் போடுகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

விற்றுவிட்டு வி-கிராஸ் வாங்கும் யோசனை மோசமில்லை. பின்னால் வில்பட்டை, எந்த ஊர்ப் பட்டறையிலும் வேலை பார்க்கலாம். ஆனால் விளக்கு எரியும் டிஸ்கவரிக்குக் கிடைக்கும் விலையும் சரியான டிஸ்கவரிக்குக் கிடைக்கும் விலையும் மலைக்கும் மடுவுக்கும். விற்பதாக இருந்தாலும் சரிசெய்துவிட்டே விற்க வேண்டும். அப்படிச் சரிசெய்த பிறகு விற்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் முன் ஸ்ட்ரட் இரண்டையும் ஜோடியாக மாற்றினேன். இடது 6 மில்லிமீட்டர்தான் இறங்கியது என்றாலும் வயது ஒன்றுதானே. விலை குறைந்த, பெயர் தெரியாத ஸ்ட்ரட்டுகளும் கிடைத்தன. டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அவை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பழைய உடம்பில் புது ரப்பர் போட்டுத் தருவதும் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் ஷாக் அப்சார்பர் அதே பழையதுதான். கம்ப்ரசர் ஒரிஜினலாக வந்த ஏஎம்கே கம்பெனியுடையதையே வாங்கினேன், கூடவே ரிலேயும் ஃபில்டரும். பொருள் கொச்சியிலிருந்து வந்து சேர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மச்சான் வாடகை டிராக்டரில் ஜெனரேட்டரைக் கொண்டுபோனார். அந்த வாடகையையும் செலவுக் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அதற்குப் பிறகு பங்குனி, சித்திரைக் கொடைகள் எல்லாம் முடிந்துவிட்டன. விளக்கு வரவில்லை. மாதம் ஒரு ராத்திரி ஃபியூஸைப் பிடுங்கி, காலையில் அளந்து, சன்வைசரில் சொருகியிருக்கும் நோட்டில் எழுதுகிறேன். பின் இடது மட்டும் போன மாதம் 3 மில்லிமீட்டர் காட்டியது, இந்த மாதம் 4. பின் ஜோடிக்குப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். அப்போதாவது காயில் பக்கம் போவாயா என்று மச்சான் கேட்கிறார். அவருடைய டிரெய்லர் என் கொக்கியில் மாட்டியிருக்கும் வரை போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.